18 அடி தட்டையா, 23 அடி வி-அடியா? வடபகுதிக் கடலுக்கான இரண்டு பைபர் படகுகள்

யாழ்ப்பாணத்தின் குருநகர், நாவாந்துறை, பாசையூர்ப் பக்கம் புதுப் படகு எடுக்கப் போகிறவருக்குப் படகு கட்டும் யாட்டில் பெரும்பாலும் இரண்டு அச்சுகளைக் காட்டுவார்கள். ஒன்று 18 அடி நீளம், 5 அடி சொச்சம் அகலம். அணியத்தில், அதாவது முன்முனையில், மட்டும் கூர் இருக்கும். நடுவில் இருந்து பின்பலகை வரை அடி ஏறக்குறையத் தட்டை. மற்றது 23 அடி நீளம், 6 அடிக்குக் கிட்டிய அகலம். அணியத்தில் ஆழமாக இறங்கும் வி, பின்பலகை வரையும் 12 முதல் 15 பாகைச் சரிவோடு தொடரும். இரண்டும் பைபர், இரண்டும் ஒரு நாள் தொழிலுக்கானவை, இரண்டுக்கும் அவுட்போட் எஞ்சின். பதிவில் இரண்டும் ஓஎப்ஆர்பி (அவுட்போட் எஞ்சின் பூட்டிய பைபர் படகு) என்ற ஒரே வகுப்பில்தான் விழும். ஒற்றுமை அவ்வளவுதான்.

விலையைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டால் பெரியதையே எடுக்கலாமே என்று நினைப்பது வழமை. பைபர் உடலுக்கு மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் 18 அடித் தட்டைக்கு 15 குதிரைவலு போதும். 23 அடி வி-அடி 40 கேட்கும். எஞ்சினையும் அது குடிக்கப் போகிற எண்ணெயையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் "கொஞ்சம்" இல்லை. 40க்குக் கையில் காசில்லை, 25 பூட்டிச் சமாளிப்போம் என்று பெரிய உடலை எடுப்பதைவிட, 18 அடியை நல்ல எஞ்சினோடு எடுப்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் மேல்.

தண்ணீர் எப்படி?

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பெரும்பகுதி இரண்டு மீற்றர் ஆழம்கூட வராது. வற்றில் முழங்காலளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு போகிற இடங்கள் நிறைய. 18 அடித் தட்டை, இரண்டு ஆளும் வலையும் ஏறின பிறகும் 15 முதல் 20 சென்ரிமீற்றர்தான் தாழும். எஞ்சினை முழுதாக இறக்கினால் புரொப்பலரின் அடிக்கால் வரை அரை மீற்றர் தண்ணீர் வேண்டும். 23 அடி வி-அடி தானே 30 சென்ரிமீற்றர் தாழும்; எஞ்சினோடு 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 சென்ரிமீற்றர்தான் வற்றுநேரத்தில் கரைக்கு வருகிறவரையும், வெளியில் நங்கூரம் போட்டுப் பெருக்குக்குக் காத்திருக்கிறவரையும் பிரிக்கிறது.

சாதாளை என்ற கடற்புல் இன்னொரு தொல்லை. ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சின் அதை வாரி இழுத்தால் குளிர்நீர் ஏறும் துவாரம் அடைபடும். பின்னால் பீச்சியடிக்கும் தண்ணீர்க் கோடு மெலிந்துவிட்டதா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். மெலிந்தால் உடனே நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி, வலைச் சல்லடையில் சிக்கியதைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் சோம்பல்பட்டால் பிஸ்டன் இறுகிவிடும். புரொப்பலர் ஆழமாக ஓடும் படகுக்கு இந்த ஆபத்து கூட.

பாக்கு நீரிணைப் பக்கம், மாதகல், சேந்தாங்குளம், நெடுந்தீவு, அனலைதீவு வெளிக்குப் போகும்போது கதை மாறும். ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள் என்பதால் அங்கே நீண்டு உருளும் அலை எழாது. காற்று ஏறினால் குறுகிய, செங்குத்தான அலைதான் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சோளகம் (தென்மேற்குக் காற்று) பலக்கிற மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் போனவர்களுக்கு அது தெரியும். தட்டை அடி இந்த அலையில் ஒவ்வொன்றுக்கும் அறைந்து விழும். அறை விழ விழ வேகத்தைக் குறைத்து மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் ஊர வேண்டியதுதான். முதுகெலும்பு நோவது ஒருபக்கம்; அடிப்பைபரும் குறுக்கு வங்குகளும் (உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்கள்) சந்திக்கும் மூலைகளில் மயிரிழை வெடிப்பு தொடங்குவதும் இந்த அறையால்தான். வி-அடி அதே அலையை வெட்டிக்கொண்டு போகும். வேகம் குறைக்க வேண்டியிருந்தாலும் பாதிக்கு மேல் வைத்திருக்கலாம்.

தாளையடி, மருதங்கேணி, முல்லைத்தீவுக் கரை திறந்த வங்கக் கடல். அலை உடையும் மணற்கரையில் இருந்து இறக்கி, மீண்டும் அதே கரையில் ஏற்ற வேண்டும். அங்கே அணியத்தின் உயரமும் விளிம்பின் உயரமும்தான் முக்கியம். இந்த 18 அடி அச்சு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாடைக் காலத்தில் அதை அங்கே இறக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நின்ற இடத்தில் எது ஆடாது?

நண்டு வலை தொழிலுக்கு இது பெரிய விஷயம், விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வலையை இழுக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்க விளிம்பில் குனிந்து நிற்பார்கள். தட்டை அடி அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உடனே முட்டுக்கொடுத்து நிற்கும். வி-அடி முதலில் இலகுவாகச் சரியும். பக்கத்து மூலை தண்ணீரில் பட்ட பிறகுதான் பிடித்து நிற்கும். பழகாத ஆளுக்கு அந்த முதல் சரிவு பயத்தைக் கொடுக்கும். 23 அடியின் கூடுதல் அகலம் இதை ஓரளவு சரிக்கட்டுகிறது. அலைக்குள் வந்தால் நிலைமை தலைகீழ்: தட்டை அடி அலையின் சரிவோடு தானும் சரிந்து வெடுக்கென்று உதறும், வி-அடி மெதுவாக ஆடும்.

பாரம் ஏற்றும் கணக்கு எளிது. தண்ணீர்மட்டத்தில் 18 அடியின் பரப்பு சுமார் 4.3 சதுர மீற்றர். அதாவது ஒவ்வொரு 43 கிலோவுக்கும் படகு ஒரு சென்ரிமீற்றர் தாழும். 23 அடிக்கு அது 60 கிலோவுக்கு மேல். ஈர வலை, ஐஸ், மீன் என்று 300 கிலோ ஏறினால் சிறியது 7 சென்ரிமீற்றரும் பெரியது 5 சென்ரிமீற்றரும் இறங்கும். இரண்டு சென்ரிமீற்றர்தானே என்று படலாம். சிறிய படகின் பின்பலகை வெட்டு, வெறுமனே நிற்கும்போதே தண்ணீருக்கு மேலே 25 முதல் 30 சென்ரிமீற்றர்தான். ஆட்கள் பின்னால் வந்து நின்று, எஞ்சின் பாரமும் சேர்ந்து, பின்னால் இருந்து ஓர் அலை ஏறினால் தண்ணீர் உள்ளே. 18 அடியில் பாரத்தை நடுவுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின்: இங்கேதான் காசு போகிறது

போர்க்காலத்தில் வடக்குக் கடலில் வலுக்கூடிய எஞ்சின்களுக்குத் தடை இருந்தது. சிறிய எஞ்சினைப் பெரிய உடலில் பூட்டி ஓடும் பழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம். இன்றைக்கு அதற்குத் தேவை இல்லை.

படகு ஏன் திணறுகிறது என்று புரிந்துகொள்ள ஒரு வகுத்தல் போதும். உடல், எஞ்சின், எண்ணெய், ஆட்கள், வலை எல்லாவற்றின் எடையையும் கூட்டி, குதிரைவலுவால் பிரியுங்கள். 18 அடியில் உடல் 280 கிலோ, 15 குதிரைவலு எஞ்சின் 40, எண்ணெய்த் தாங்கி 20, இரண்டு ஆள் 140, வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி 100. மொத்தம் 580, ஒரு குதிரைவலுவுக்கு 39 கிலோ. தட்டை அடி 40 கிலோ வரையும் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். 23 அடியில் உடல் 480, எஞ்சின் 75, எண்ணெய் 40, மூன்று ஆள் 210, வலையும் ஐஸும் 250; மொத்தம் 1,055. 40 குதிரைவலுவுக்கு 26 கிலோ. 25 எஞ்சின் 20 கிலோ இலகு என்று கழித்தாலும் 41. வி-அடி 30 கிலோவைத் தாண்டினால் எழும்பத் திணறும், தட்டையைவிட அதற்குத் தள்ளல் கூடத் தேவை. திரும்பி வரும்போது 200 கிலோ மீனும் இருந்தால் 49.

படகு எழும்பும் அந்தக் கட்டத்தில்தான் அதிகத் தள்ளல் வேண்டும். எழும்பி முடிந்த பிறகு ஓட்டிக்கொண்டு போகக் குறைவாகவே போதும். 40 அந்த மேட்டைச் சில செக்கனில் தாண்டும். தாண்டியதும் எஞ்சினின் வேகப் பிடியைத் தளர்த்தி 13, 14 கடல்மைல் வேகத்தில் போகலாம். 25 எஞ்சினோடு வெறும் படகு எழும்பும், யாட்டில் ஓடிக் காட்டுவதும் வெறும் படகைத்தான். பாரத்தோடு அது மேட்டிலேயே நிற்கும்: அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் புதையும், பிடி முழுதாகத் திருகியபடி 8, 9 கடல்மைல். மணித்தியாலத்துக்கு 11, 12 லீற்றர் குடித்துக்கொண்டு அந்த வேகத்தில் ஊர்ந்தால் ஒரு கடல்மைலுக்கு ஒன்றே கால் லீற்றருக்கு மேல் போகும். 40 அதே தூரத்தை ஒரு லீற்றருக்குள் முடிக்கும். 18 அடித் தட்டை 15 எஞ்சினோடு அரை லீற்றர் சொச்சம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை மணிக்கணக்காக முழுப்பிடியில் வைத்தால் கரி சேர்ந்து, வளையம் ஒட்டி, ஒருநாள் நடுக்கடலில் நிற்கும் என்பது தனிச் செலவு.

ஆக, 10 கடல்மைல் வெளியே போய்த் திரும்பும் தொழிலுக்குச் சிறியது 11 லீற்றர், பெரியது 18, 19 லீற்றர். கையில் எப்போதும் தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். காற்றுக்கு எதிரே வரும்போது இந்தக் கணக்கெல்லாம் ஏறும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினா, பெற்றோலா என்ற கேள்விக்கு முன்பு ஒரே பதில் இருந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியதோடு அந்தப் பதில் ஆட்டம் கண்டது. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பிறகு மாற்ற வேண்டும். நிறுத்த முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரைச் சுத்தமாக்க வேண்டும். இதைச் செய்யாமல் நிறுத்தினால் மறுநாள் காலை கயிறு இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும், பிளக் கறுத்துவிடும். வாங்கும் அன்றைய இரண்டு விலைகளையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் பெற்றோல் எஞ்சினின் நிம்மதி மேல்.

ஓயில் கலவை: இரண்டு ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சினுக்குப் பொதுவாக 50க்கு 1, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லி. புது எஞ்சினின் முதல் 10 மணித்தியாலம் 25க்கு 1. எஞ்சினோடு வரும் புத்தகம் வேறு சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் ஓயில் ஊற்றாதீர்கள். தண்ணீரால் குளிரும் அவுட்போட்டுக்கென்று தனி ஓயில் இருக்கிறது.

எஞ்சின் தண்டின் நீளம் பின்பலகை உயரத்தோடு பொருந்த வேண்டும். குட்டைத் தண்டுக்கு 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம். வி-அடியில் பக்கத்தில் அளக்காமல், நடுவில், ஏராவின் (அடியின் நடு முதுகு) கோட்டில் அளக்க வேண்டும். புரொப்பலருக்கு மேலே உள்ள கிடைத்தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். உயர்ந்து நின்றால் திருப்பத்தில் காற்றை இழுத்துச் சத்தம் மட்டும் ஏறும், படகு போகாது. தாழ்ந்து நின்றால் இழுவை கூடிப் பின்னால் தண்ணீர் வீசியடிக்கும். பழைய எஞ்சினை மலிவாக வாங்கி உடலுக்குப் பூட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பின்பலகையை வெட்டியும் உயர்த்தியும் அதைப் பலவீனமாக்கிவிடுகிறார்கள்.

புரொப்பலரை யாரும் பார்ப்பதில்லை. இந்த அளவு எஞ்சின்கள் பெரும்பாலும் முழுப்பிடியில் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்றில் நிற்க வேண்டும். வழமையான பாரத்தோடு சுற்றுமானியைப் பூட்டிப் பாருங்கள். 4,000க்கு மேல் ஏறவில்லை என்றால் புரி (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், அங்குலக் கணக்கில்) கூடிய புரொப்பலர். ஒவ்வோர் அங்குலம் குறைக்கவும் 150 முதல் 200 சுற்று ஏறும். பெரிய படகில் இந்த ஒரு மாற்றமே எழும்புவதா, புதைவதா என்பதைத் தீர்மானிக்கலாம்.

பைபரைச் சோதிப்பது

இந்தக் கரையில் பைபர் படகு 1960களில் இருந்தே உண்டு. காரைநகரில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் யாட் வடபகுதியில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பரப்பியது. ஆனால் இன்றைக்கு ஒரே அச்சில் இருந்து வரும் இரண்டு படகுகள்கூட ஒரே படகல்ல. உள்ளே எத்தனை படை போனது என்பது வெளியில் தெரியாது, பளபளப்பு எல்லாவற்றையும் மறைக்கும்.

ஒரு சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள சொப் மெட் (வெட்டிய கண்ணாடி நார் விரிப்பு) ஒரு படை, றெசினோடு இறுகினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும். 18 அடியின் அடிக்கு 6 மில்லிமீற்றரும் பக்கங்களுக்கு 4, 5 மில்லிமீற்றரும் வேண்டும். 23 அடி வி-அடிக்கு அடியில் 8, 9, பக்கத்தில் 6. ஏராவிலும் பின்பலகை மூலைகளிலும் இதன் இரட்டிப்பு. இடையிடையே ரோவிங் (நெய்த நார்த் துணி) போட்டிருந்தால் பலம் கூடும், ஆனால் ரோவிங்கின்மேல் ரோவிங் நேரடியாகப் போட்டால் படைகள் பிரியும். நடுவில் மெட் கட்டாயம். கட்டத் தொடங்க முன்னரே எந்த இடத்தில் எத்தனை படை என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்கிற யாட்டில் வாங்க வேண்டாம்.

எழுதியதைச் சரிபார்க்கத் தராசு போதும். 6 மில்லிமீற்றர் பைபர் ஒரு சதுர மீற்றர் 9 கிலோவுக்குக் கிட்ட வரும். 18 அடி உடலின் பரப்பு 14, 15 சதுர மீற்றர். வெறும் ஓடு மட்டும் 120 கிலோ அளவில் வர வேண்டும். வங்கு, இருக்கைப் பலகை, விளிம்பு, பின்பலகை எல்லாம் சேர்ந்தால் 220க்குக் கீழே போக வழியில்லை. மீன் நிறுக்கும் தொங்கு தராசைச் செயின் புளொக்கில் மாட்டி, முதலில் பின்பக்க முனையைத் தூக்குங்கள். மறு முனை நிலத்தில் ஒரு கட்டையின்மேல் இருக்கட்டும். பிறகு அணியத்தைத் தூக்குங்கள். இரண்டு எண்களையும் கூட்டினால் படகின் எடை. 180 கிலோ என்று காட்டினால் இரண்டு படை உங்கள் படகில் இல்லை.

உள்பக்கம் பெயின்ற் அடிக்க முன்னர் ஒரு மாலைநேரம் போய், வெளியே பலமான விளக்கைப் பிடித்து உள்ளே இருந்து பாருங்கள். சீரான மஞ்சள் வெளிச்சம் நல்லது. வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அங்கே நாருக்குள் றெசின் ஊறவில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். கரும்புள்ளிகள் காற்றுக் குமிழி. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் இறுகிய இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். விரலால் அழுத்தினால் ஒட்டும் தன்மையும் கடும் றெசின் மணமும் இருந்தால் ஹார்ட்னர் (றெசினை இறுக வைக்கும் திரவம்) குறைத்துப் போட்டு அவசரமாக அச்சில் இருந்து கழற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட உடலை வெயிலில் வைத்தால் வளையும்.

பின்பலகைக்குள் இருக்கும் பிளைவூட்தான் பைபர் படகின் ஆயுள். 15 எஞ்சினுக்கு 36 மில்லிமீற்றர், 40க்கு 45 முதல் 50. மரைன் பிளைவூட் இரண்டு தட்டை ஒட்டி, நாலா பக்கமும் பைபர் மூடியிருக்க வேண்டும். போல்ட் துளை போட்ட பிறகு துளையின் உள்சுவருக்கு றெசின் பூசி இறுக விட்டு, அதற்குப் பிறகே சீலன்ற் வைத்துப் பூட்ட வேண்டும். துளைத்த மரத்துக்கு றெசின் பூசாமல் அப்படியே பூட்டினால் இரண்டு வருடத்துக்குள் உள்ளே சோறாகிவிடும். பழைய படகு பார்க்கிறவர்கள் எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்பலகை கூடவே வளைந்தால், துளையோரம் பழுப்புத் தண்ணீர் கசிந்தால், பேரத்தை அங்கேயே நிறுத்தலாம். 40 எஞ்சினை அதன் இறுக்கும் திருகாணிகளோடு மட்டும் விடக் கூடாது. போல்ட் ஊடுருவிப் பூட்ட வேண்டும். அதற்குமேல் பாதுகாப்புச் சங்கிலியும்.

மூழ்காமல் மிதக்க வைக்கும் போம் அறைகளைத் திறந்து பாருங்கள். கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் படகு ஆட்களைத் தாங்க, 18 அடிக்கு 200 முதல் 250 லீற்றர் கொள்ளளவும் 23 அடிக்கு 350க்கு மேலும் வேண்டும். கொஞ்சம் காசைச் சேமிக்க ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) துண்டுகளைப் போட்டு மூடுகிறார்கள். போடுவதில் பிழையில்லை, ஆனால் றெசின் பட்டாலும் பெற்றோல் பட்டாலும் ரெஜிபோம் கரைந்துபோகும். பொலித்தீனில் சுற்றிப் போட்டிருக்க வேண்டும். சுற்றாத அறையில் மூடிக்குக் கீழே வெறும் காற்றும் அடியில் கொஞ்சம் பிசினும்தான் மிஞ்சும். இதை அனேகர் கவிழ்ந்த அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

படகு எங்கே உறங்கும்?

18 அடியை நாலைந்து பேர் உருளைக் கட்டை வைத்து மணலில் ஏற்றிவிடலாம். அடி தட்டையாக இருப்பதால் கரையில் நிமிர்ந்து நிற்கும். தேய்வதும் அதே தட்டைதான். முருகைக்கல் கரை என்றால் ஒரு பருவத்துக்குள் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு போய் நார் தெரியும். நீளவாக்கில் மூன்று தேய்ப்புப் பட்டிகளை அடியில் பூட்டி வைத்தால் பட்டியை மாற்றினால் போதும், படகை மாற்ற வேண்டாம்.

23 அடி வி-அடி கரையில் ஒருபக்கம் சரிந்து கிடக்கும். முழு எடையும் ஒரே மூலையில் விழும். அதைத் தள்ள எட்டுப் பேராவது வேண்டும், இல்லாவிட்டால் உழவு இயந்திரம். அதனால் பெரும்பாலும் தண்ணீரிலேயே கட்டிவைக்கிறார்கள். மாதக்கணக்காக நீரில் கிடக்கும் பைபருக்கு அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும். அடிக்குப் பூச்சு அடிக்காமல் விட்டால் எழும்பி ஓடும் படகே எழும்பாது, எஞ்சினைக் குறைசொல்லிப் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏற்றி, நன்னீரால் கழுவி, கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். மயிலிட்டி போன்ற துறைமுகத்துக்குள் கட்ட இடம் உள்ளவருக்கு இது பெரிய சுமையில்லை. திறந்த கரைக்காரருக்குச் சுமை.

ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடும் முறையும் சொல்லிவிடலாம், கரையோரத்தில் நடக்கும் ஒட்டுகளில் பாதி ஒரு வருடம் நிற்பதில்லை. காரணம் உப்பும் ஈரமும். நன்னீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, ஓட்டையைச் சுற்றித் தடிப்பின் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீற்றர் அடிக்கு நாலா பக்கமும் 7 சென்ரிமீற்றர். முதலில் சின்னத் துண்டு, பிறகு பெரியது என்று படை படையாக ஏற்றி, ஒவ்வொன்றையும் உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பெயின்ற்றின் மேலே ஒரு துண்டு மெட்டை ஒட்டினால் அது ஒட்டல்ல.

யாருக்கு எது

கடல்நீரேரிக்குள் நண்டு, இறால், சூடை என்று தொழில் செய்கிறவருக்கு 18 அடித் தட்டையும் 15 எஞ்சினும். சந்தேகமே வேண்டாம். தீவுப் பக்கம் இடைக்கிடை போகிறவர் அதே உடலில் பின்பலகையைத் தடிப்பாக்கச் சொல்லி 25 பூட்டலாம், ஆனால் அது அலையில் அறைவதைக் குறைக்காது, அறையும் வேகத்தைத்தான் கூட்டும். பாக்கு நீரிணையில் அறக்குளா, பாரைக்கு 8, 10 கடல்மைல் தினமும் போகிறவருக்கும், மூன்றாவது ஆளை ஏற்ற வேண்டியவருக்கும் 23 அடி வி-அடி, 40 எஞ்சினோடு. திறந்த கிழக்குக் கரையில் ஏற்றி இறக்க உழவு இயந்திரம் கைவசம் உள்ள சங்கம் என்றால் அதே படகு.

இரண்டுக்கும் நடுவில் 20, 21 அடியில், பின்பலகையில் 8 பாகை அளவுக்கு மட்டும் வி உள்ள அச்சு சில யாட்களில் உண்டு. 25 குதிரைவலு எஞ்சின் நியாயமாகத் தள்ளும் உடல் அதுதான். கையில் 25 எஞ்சின் ஏற்கெனவே இருக்கிறவர் 23 அடிக்குத் தாவ முன்னர் அந்த அச்சைக் கேட்டுப் பாருங்கள்.

காசு கொடுக்க முன்னர் கடைசியாக: உடலுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு வேண்டும், எஞ்சினைப் பின்பலகையில் பிடிக்கும் கவ்வியில் பொறித்த இலக்கம் சீட்டில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் பதிவும் தொழில் அனுமதியும் எடுக்க இந்தச் சீட்டுகள் இல்லாமல் போனால் திணைக்களத்துக்கும் யாட்டுக்குமாக அலைய வேண்டிவரும். பழைய எஞ்சின் என்றால் விற்கிறவர் பெயரில் இருக்கும் பதிவை மாற்றித் தரும்வரை மீதிக் காசைக் கையில் வைத்திருங்கள்.